கலைப்பொருளைப் பேசவைத்த அறிஞர்

நுழையும்முன்

அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைக்குள் நிற்கும் வெண்கலச் சிலை அங்கு நிற்பதற்காக வார்க்கப்பட்டதன்று. கோவிலில் வழிபாட்டிற்கென வார்க்கப்பட்டது. அதனருகே இருக்கும் அரக்கு வேலைப்பாடமைந்த பெட்டி ஒரு காலத்தில் யாரோ ஒருவர் வீட்டில் நாள்தோறும் புழங்கியது. செய்த கைகளையும் பயன்படுத்திய மக்களையும் அறியாமல் காண்போர்க்கு அவை வெறும் பழம்பொருள்களே. இவ்வுண்மையைக் கீழை நாட்டினர்க்கும் மேலை நாட்டினர்க்கும் ஒருசேர உணர்த்திய பேரறிஞர் ஆனந்த குமாரசுவாமி. இந்திய மண்ணில் ஓர் அருங்காட்சியகம் அமைக்க விரும்பிய அவர், அயல்நாட்டு அருங்காட்சியகத்தில் முப்பதாண்டுகள் பணியாற்ற நேர்ந்தது. அவ்வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது.

பிறப்பும் கல்வியும்

ஆனந்த குமாரசுவாமி 1877ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். தந்தை முத்து குமாரசுவாமி ஈழத் தமிழர், புகழ்பெற்ற வழக்கறிஞர், இலங்கைச் சட்டநிரூபண சபையின் உறுப்பினர். அரிச்சந்திரன் கதையை ஆங்கில நாடகமாக்கி 1863ஆம் ஆண்டில் வெளியிட்டவரும் அவரே. தாய் எலிசபெத் இங்கிலாந்து நாட்டவர். தாயுடன் குழந்தை இங்கிலாந்தில் இருந்தபோது, 1879ஆம் ஆண்டில் தந்தை கொழும்பில் காலமானார். அதனால் ஆனந்தரின் இளமை முழுவதும் இங்கிலாந்திலேயே கழிந்தது.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் பயின்று 1900ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். 1903ஆம் ஆண்டில் இலங்கைக் கனிமவள ஆய்வின் இயக்குநராகப் பொறுப்பேற்றார். அங்கு அவர் கண்டறிந்த கனிமமே பின்னர்த் தோரியனைட்டு எனப் பெயர் பெற்றது. இலங்கையின் கனிமங்களைப் பற்றிய ஆய்வுகளுக்காக இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் வழங்கியது. இவ்வாறு அறிவியலாளராகப் புகழ்பெறத் தொடங்கியவரைக் கலையின்பால் திருப்பியது மலைநாட்டுச் சிற்றூர்களின் வாழ்க்கை.

சிற்றூர்களில் கண்ட கலை

கனிமங்களைத் தேடிச் சென்ற ஊர்களில் பொற்கொல்லர், தச்சர், தந்த வேலைப்பாடு செய்வோர், அரக்கு வேலைப்பாடு செய்வோர், பாய் முடைவோர் எனப் பலரையும் அவர் கண்டார். கண்டி அரசர் காலத்தில் கைவினைஞர்கள் அரண்மனைக்கும் கோவிலுக்கும் ஆற்றிய பணிக்கு ஈடாக நிலம் பெற்று வாழ்ந்தனர். 1815ஆம் ஆண்டில் கண்டி அரசு ஆங்கிலேயர் வசமானபின், அவர்களைத் தாங்கிய அமைப்பு சிறிது சிறிதாகச் சிதைந்தது. இயந்திரங்களில் செய்த இறக்குமதிப் பொருள்கள் சந்தையை நிறைத்தன. தலைமுறை தலைமுறையாகத் தந்தையிடமிருந்து மகன் கற்ற தொழில்கள் கற்பார் இன்றி மங்கின.

அழிவின் விளிம்பில் நின்ற அக்கலைகளை ஆவணப்படுத்த ஆனந்தர் முற்பட்டார். கருவிகளின் பெயர்கள், செய்முறைகள், கைவினைஞரின் சமூக நிலை, கோவில் ஓவியங்களின் அமைப்பு ஆகியவற்றைத் தொகுத்தார். அவருடைய துணைவியார் எத்தெல் ஒளிப்படங்கள் எடுத்தார். இவ்வுழைப்பின் பயனாக இடைக்காலச் சிங்களக் கலை என்னும் பெருநூல் 1908ஆம் ஆண்டில் உருவானது. கைத்தொழிலின் பெருமையைப் பேசும் நூல், கைத்தொழிலாகவே அமைய வேண்டும் என்று அவர் விரும்பினார். இங்கிலாந்துக் கலைஞர் வில்லியம் மோரிசு பயன்படுத்திய கைஅச்சுப்பொறியில் 425 படிகள் மட்டும் அச்சிடப்பட்டன.

பொருளை மட்டும் எடுத்துப் பேழையில் வைத்தல் போதாது. அதைப் படைத்த வாழ்வையும் உடன் காட்ட வேண்டும் என்னும் எண்ணம் இந்நூலிலேயே வேர்கொண்டது.

இகழ்ச்சிக்கு எதிர்வினை

அக்காலத்து ஐரோப்பியர் பலர் இந்தியச் சிற்பங்களைத் தொல்பொருள்களாகவும், துணி, உலோகப் பொருள் முதலியவற்றை அலங்காரத் தொழிலாகவும் மட்டுமே மதித்தனர். 1910ஆம் ஆண்டில் இலண்டனில் நடந்த ஒரு கூட்டத்தில் ஜார்ஜ் பேர்டுவுட் என்பவர், இந்தியாவில் நுண்கலையே இல்லை என்னும் கருத்தை முன்வைத்துப் புத்தர் சிலை ஒன்றையும் எள்ளினார். இதற்கு மறுப்பாகச் சென்னைக் கலைப்பள்ளியில் முன்னர்ப் பணியாற்றிய ஈ. பி. ஹேவல், ஓவியர் வில்லியம் ரோத்தன்ஸ்டைன், ஆனந்தர் முதலியோர் முயற்சியால் இந்தியக் கலைக்கென ஒரு கழகம் இலண்டனில் தோன்றியது.

வட்டாரக் கலையின் அடையாளம்

1910-1911ஆம் ஆண்டுகளில் அலகாபாத்தில் பெரும் பொருட்காட்சி ஒன்று நடைபெற்றது. அதன் கலைப்பிரிவு ஆனந்தரின் பொறுப்பில் விடப்பட்டது. அக்காலத்தில் வட இந்தியாவில் பயணம் செய்து சிற்றோவியங்கள் பலவற்றைத் திரட்டினார். அதுவரை அவ்வகை ஓவியங்கள் பொதுவாக முகலாயர் கலை என்றே கருதப்பட்டன. ஆனந்தர் அவற்றை உற்றுநோக்கி, முகலாய அரசவை ஓவியத்தினின்றும் வேறான மரபு ஒன்று இராசபுத்திர அரசுகளிலும் இமயமலைச் சாரலிலும் தழைத்திருந்ததை நிறுவினார். முகலாய ஓவியம் பெரும்பாலும் அரசரின் உருவத்தையும் அவையையும் வேட்டையையும் தீட்டியது. இராசபுத்திர ஓவியமோ கண்ணன் கதையையும், இராகங்களின் உருவகத்தையும், மக்களின் பத்தி உணர்வையும் தீட்டியது. இராசத்தான மரபு, மலைநாட்டு மரபு என்னும் வட்டாரப் பிரிவுகளையும் வகுத்துக் காட்டினார். 1916ஆம் ஆண்டில் இரு தொகுதிகளாக வெளிவந்த இராசபுத்திர ஓவியம் என்னும் நூல் இத்துறைக்கு அடித்தளமாயிற்று.

நிறைவேறாத கனவு

தாம் திரட்டிய கலைச்செல்வங்கள் இந்தியாவிலேயே இருத்தல் வேண்டும் என்பது ஆனந்தரின் விருப்பம். காசியில் ஒரு தேசிய அருங்காட்சியகம் அமைக்கப்படுமாயின் தம் தொகுப்பை அதற்கு அளிக்க முன்வந்தார். ஆயினும் அதற்கு வேண்டிய பொருளுதவி கிட்டவில்லை; திட்டம் கைவிடப்பட்டது.

அப்போது முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. அடிமைப்பட்ட நாட்டினர் ஆங்கிலேயருக்காகப் போரிடுதல் தகாது என்று கருதிய ஆனந்தர், போரில் பங்கேற்க மறுத்தார். 1917ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்றார். டென்மன் ராஸ் என்னும் கலையன்பர் ஆனந்தரின் தொகுப்பை விலைக்குப் பெற்றுப் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திற்கு வழங்கினார். அங்கு இந்தியக் கலைப்பிரிவின் காப்பாளராக ஆனந்தர் அமர்த்தப்பட்டார். காசியில் இடம் பெற்றிருக்க வேண்டிய ஓவியங்கள் கடல் கடந்தன. இந்தியக் கலையை அமெரிக்கர் அறிய அது வழிவகுத்தது. இந்தியாவிற்கோ அது பேரிழப்பு.

தெரிந்து தெளிவோம்
ஆனந்தர் சிவனின் ஆடல் குறித்து எழுதிய கட்டுரை 1912ஆம் ஆண்டில் சித்தாந்த தீபிகை என்னும் இதழில் வெளிவந்தது. 1918ஆம் ஆண்டில் நியூயார்க்கில் நூல் வடிவிலும் இடம்பெற்றது. திருமந்திரம், உண்மை விளக்கம் முதலிய தமிழ் நூல்களின் துணைகொண்டு நடராசர் திருவுருவின் பொருளை அது விளக்கியது. சென்னை அருங்காட்சியகத்தின் நடராசர் திருமேனிகளைக் குறித்துப் பிரெஞ்சுச் சிற்பி ரோதென் எழுதியதும் ஆனந்தரின் கட்டுரையும் 1921ஆம் ஆண்டில் ஒரே தொகுப்பில் வெளிவந்தன.

அருங்காட்சியகத்தின் நோக்கம்

பாஸ்டனில் ஆனந்தர் ஆற்றிய பணி பொருள்களைக் காத்தலோடு நின்றுவிடவில்லை. ஒவ்வொரு சிற்பத்தின், ஓவியத்தின் காலத்தையும் இடத்தையும் பொருளையும் ஆராய்ந்து விரிவான விளக்கப்பட்டியல்களை வெளியிட்டார். 1927ஆம் ஆண்டில் இந்திய, இந்தோனேசியக் கலை வரலாற்றை எழுதினார். புத்தர் திருவுருவம் கிரேக்கர் வழியே தோன்றியது என்னும் கருத்தை மறுத்து, அதன் வேர்கள் மதுராவின் உள்நாட்டுச் சிற்ப மரபில் உள்ளன என்று சான்று காட்டினார்.

கலைப்பொருள்களை ஏன் காட்சிக்கு வைக்க வேண்டும் என்னும் வினாவை எழுப்பி, 1943ஆம் ஆண்டில் ஒரு கட்டுரைத் தொகுப்பையும் அளித்தார். கண்ணுக்கு இன்பம் தருதல் மட்டும் அருங்காட்சியகத்தின் நோக்கமன்று; கற்பித்தலே அதன் கடமை என்பது அவர் முடிபு. பழைய காலத்தில் கலைஞர், கைவினைஞர் என்னும் வேறுபாடு இல்லை. குடமும் கோவிலும் ஒரு தேவையை நிறைவு செய்யவே படைக்கப்பட்டன என்றார். எனவே ஒரு பொருள் எதற்காகச் செய்யப்பட்டது, அதன் உருவம் எதை உணர்த்துகிறது என்று அறிந்தாலன்றி அதன் அழகை அறிந்ததாகாது. தமக்குரிய இடத்தை இழந்து, அழியும் நிலையிலுள்ள பொருள்களைக் காப்பதே அருங்காட்சியகத்தின் பணி. வாழும் கலைகள் வாழ வேண்டிய இடம் மக்களின் வீடும் வீதியும் கோவிலுமே என்பது அவர் வலியுறுத்திய கொள்கை.

நிறைவு

1947ஆம் ஆண்டில் இந்தியா விடுதலை பெற்றதைக் கண்டு மகிழ்ந்த ஆனந்தர், பணி ஓய்வுக்குப்பின் இந்தியா திரும்பி வாழத் திட்டமிட்டிருந்தார். அவ்விருப்பமும் நிறைவேறவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் 9ஆம் நாள் அமெரிக்காவில் அவர் மறைந்தார். அவர் விரும்பிய தேசிய அருங்காட்சியகம் 1949ஆம் ஆண்டில் தில்லியில் தொடங்கப்பட்டது.

இன்று பல மாவட்டங்களில் அருங்காட்சியகங்கள் உள்ளன. அங்குள்ள ஏர்க்கலப்பையும் நடுகல்லும் செப்பேடும் ஓவியமும் ஒவ்வொரு வட்டாரத்தின் வாழ்வைத் தாங்கி நிற்கின்றன. அவற்றின் முன் நின்று, யார் செய்தார், எதற்காகச் செய்தார், இன்றும் அதைச் செய்வோர் உளரா என்று வினவும் மாணவர், ஆனந்த குமாரசுவாமி காட்டிய வழியில் நடப்பவரே ஆவர்.