எல்லாத்தையும் ஒரே நோட்டுல எழுதினவர்

தவளக்குப்பத்துல பஸ் ஏறி பாண்டி டவுனுக்குப் போனா, பெரிய மார்க்கெட் பக்கம் ரங்கப்பிள்ளை வீதியில எத்தனையோ தடவை நடந்திருப்பீங்க. அந்தப் பிள்ளை யாருன்னு யோசிச்சதுண்டா?

ஆனந்தரங்கப் பிள்ளை 1709ல் சென்னை பெரம்பூரில் பிறந்தவர். சின்ன வயசிலேயே குடும்பத்தோடு புதுச்சேரி வந்து, வியாபாரத்தில் வளர்ந்து, சொந்தக் கப்பல் வைக்கிற அளவுக்கு உயர்ந்தார். 1747ல் கவர்னர் துய்ப்ளேவுக்குத் தலைமை துபாஷி ஆனார். துபாஷின்னா வெறும் மொழிபெயர்ப்பாளர்னு நினைச்சிடாதீங்க. வியாபாரிகளோட பேரம், நவாபு தரப்போட கடிதப் போக்குவரத்து, கவர்னரோட அந்தரங்க ஆலோசனை எல்லாத்துலயும் அவர் இருந்தார்.

1736 செப்டம்பர்லயே நாட்குறிப்பு எழுத ஆரம்பிச்சுட்டார். எந்தக் கப்பல் வந்துச்சு, என்ன சரக்கு இறங்குச்சு, யார் வீட்டுல கல்யாணம்? இதெல்லாம் ஊரே அறிஞ்சது. நம்ம ப்ராஜெக்ட்ல போர்ட் நம்பர், டார்க் மோடு ஆனா ஆஃபாங்கிற ஃபீச்சர் ஃப்ளாக் மாதிரி. யார் பார்த்தாலும் நஷ்டமில்ல. ஆனா அதே நோட்டுல கவர்னர் தனியா சொன்ன பேச்சும் இருக்கு, மதாம் துய்ப்ளே மேல பிள்ளைக்கு இருந்த கடுப்பும் இருக்கு. இது டேட்டாபேஸ் பாஸ்வேர்டு ரகம். தமிழ்ல எழுதினா வெள்ளைக்காரங்களுக்குப் புரியாதுன்னு நம்பினாரோ என்னவோ! அந்த அம்மா பிறந்ததே பாண்டியில, தமிழும் பேசுவாங்க. நோட்டு மட்டும் கைமாறியிருந்தா அவர் பதவி அன்னிக்கே காலி.

நாமும் இதைத்தான் பண்றோம். கான்ஃபிக் ஃபைல்லயே ஏபிஐ கீயையும் போட்டு கிட்ஹப்ல ஏத்திடுறோம். அப்புறம் பதறி அந்த வரியை அழிச்சா, பழைய கமிட்ல கீ அப்படியே உட்கார்ந்திருக்கும். அந்தக் கீயை ரத்து பண்ணிட்டுப் புதுசு வாங்குறதுதான் முதல் வேலை. புதுக் கீயைத் தனி என்வ் ஃபைல்ல வச்சு, அந்த ஃபைல் பேரை கிட்இக்னோர்ல சேர்த்துடுங்க. மத்த செட்டிங்ஸ் தாராளமா ரெப்போவுல இருக்கட்டும்.

பிள்ளைக்கு அதிர்ஷ்டம், உயிரோட இருந்தவரை நோட்டு வெளிய போகல. 1756ல் வேற காரணங்களால பதவி போச்சு. 1761 ஜனவரி 12ல் இறந்தார். நாலே நாள்ல ஊர் ஆங்கிலேயர்கிட்ட சரணடைஞ்சுது. நோட்டுகள் வீட்டிலேயே கிடந்தன. 1846ல் கலுவா மோம்பிரேன் அதைக் கண்டுபிடிச்சுப் பிரதி எடுக்க வச்சார். 1904லிருந்து 1928க்குள்ள சென்னை அரசு அதை ஆங்கிலத்துல 12 தொகுதியா அச்சடிச்சுது. சரித்திரக்காரங்களுக்குக் கொண்டாட்டம். மதாம் மேல இருந்த கடுப்பும் அதுல இருக்கு.