வடுக்களோடு வாழ்ந்த நன்றி: புனித ஜோசப்பின் பகித்தா

நற்கருணையைக் குறிக்கத் தொடக்கத் திருச்சபை வழங்கிய கிரேக்கச் சொல்லின் பொருள் நன்றி செலுத்துதல் என்பதாகும். ஞாயிறுதோறும் பீடத்தைச் சூழ்ந்து நாம் கூடுவது முதலாவதாக நன்றி கூறுவதற்கே. எனினும், பெற்றவற்றைவிட இழந்தவற்றையே மிகுதியாக எண்ணிச் செபிக்கும் இல்லங்கள் நம்மிடையே உண்டு. யாவற்றையும் இழந்த ஒருவரால் இறைவனுக்கு நன்றி கூற முடியுமா? இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்தவர் புனித ஜோசப்பின் பகித்தா.

சூடானின் டார்பூர் பகுதியிலுள்ள ஒல்கோசா என்னும் சிற்றூரில், 1869ஆம் ஆண்டளவில் அவர் பிறந்தார். அன்பான பெற்றோரும் உடன்பிறந்தோரும் சூழ்ந்த இல்லம் அது. சுமார் எட்டு வயதில், அடிமை வணிகர் அவரைக் கடத்திச் சென்றனர். அச்சத்தின் கொடுமையால் தம் சொந்தப் பெயரையே அக்குழந்தை மறந்து போயிற்று. நற்பேறு பெற்றவள் எனப் பொருள்படும் பகித்தா என்ற அரபுப் பெயரை அவருக்குச் சூட்டியவர்கள் அவரைக் கடத்தியவர்களே. சந்தைகளில் பலமுறை விற்கப்பட்டார். துருக்கியப் படைத் தளபதி ஒருவரின் வீட்டில் நாள்தோறும் சாட்டையடி பட்டார். அங்கே அலங்காரம் என்ற பெயரில் அவரது உடலில் கத்தியால் நூற்றுக்கும் மேற்பட்ட கீறல்கள் இடப்பட்டன. தழும்பு நிலைத்திருக்க வேண்டுமென அக்காயங்களில் உப்பு தேய்க்கப்பட்டது.

ஆயினும் அக்குழந்தையின் உள்ளத்தில் ஒரு வியப்பு மட்டும் அணையவில்லை. சூரியனையும் நிலவையும் விண்மீன்களையும் காணும்போது, இத்துணை அழகுக்கும் தலைவர் யாரோ என எண்ணுவார். அவரைக் கண்டு வணங்க ஏங்குவார். இறைவனின் பெயரை அறியுமுன்னரே நன்றியின் வித்து அங்கே விழுந்திருந்தது.

1883ஆம் ஆண்டில் கார்ட்டூம் நகரில் இத்தாலியத் துணைத் தூதர் ஒருவர் அவரை விலைக்கு வாங்கினார். அங்கேதான் முதன்முறையாக எவரும் அவரை அடிக்கவில்லை. 1885ஆம் ஆண்டில் இத்தாலிக்கு வந்த அவர், மிக்கியேலி குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டு, அவர்களது சிறு மகளின் தாதியானார். அக்குடும்பத்தின் சொத்துக்களைக் கவனித்துவந்த ஒருவர் அவருக்கு ஒரு வெள்ளிச் சிலுவையைக் கொடுத்தார். தமக்காக அடிபட்டு, அறையுண்டு மரித்த ஒருவர் உண்டு என்பதை அச்சிலுவையிலிருந்தே அவர் அறியத் தொடங்கினார். பின்னர் வெனிஸ் நகரின் கனோசியன் அருட்சகோதரிகளிடம் மறைக்கல்வி கற்றார். தாம் சிறுவயதில் தேடிய தலைவர் இவரே என்று கண்டுகொண்டார்.

வீட்டுத் தலைவி அவரை மீண்டும் ஆபிரிக்காவுக்கு அழைத்துச் செல்ல வந்தபோது, பகித்தா உறுதியாக மறுத்தார். தாம் வளர்த்த குழந்தையைப் பிரிவது அவருக்கு நெஞ்சைப் பிளப்பதாயிருந்தும், அம்மறுப்பில் தளரவில்லை. வழக்கு நீதிமன்றத்தை எட்டியது. சட்டத்தின்படி அவர் ஒருபோதும் அடிமையல்லர் என 1889ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் திகதி தீர்ப்பு வழங்கப்பட்டது. 1890ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் திகதி திருமுழுக்குப் பெற்று, ஜோசப்பின் என்னும் பெயரை ஏற்றார். அதன்பின் அத்திருமுழுக்குத் தொட்டியை அவர் முத்தமிடுவதைப் பலர் கண்டனர். தாம் இறைவனின் மகளான இடம் அது என்பதை அவர் மறக்கவேயில்லை.

1896ஆம் ஆண்டில் அருட்சகோதரியாக வார்த்தைப்பாடு கொடுத்த பகித்தா, 1902ஆம் ஆண்டு முதல் ஸ்கியோ நகர மடத்தில் சமையல், தையல், கோயிற்பணி, வாயிற்காவல் எனச் சிறு பணிகளை மகிழ்வோடு செய்தார். தம்மைக் கடத்தியவர்களைச் சந்தித்தால் முழந்தாளிட்டு அவர்களின் கரங்களை முத்தமிடுவேன் என்று அவர் சொல்வதுண்டு. அவையெல்லாம் நிகழாதிருந்தால் தாம் கிறிஸ்தவராகியிருக்க மாட்டார் என்பதே அதற்கு அவர் தந்த காரணம்.

இதை நாம் தவறாக விளங்கிக்கொள்ளலாகாது. கொடுமையை நன்மையென்று அவர் கூறவில்லை. அப்படிக் கருதியிருந்தால், தலைவியோடு செல்ல மறுத்து நீதிமன்றம் வரை உறுதியாக நின்றிருக்க மாட்டார். அவர் சங்கிலிக்கு நன்றி கூறவில்லை. சங்கிலியோடு இருந்தபோதும் தம்மைக் கைவிடாத இறைவனுக்கே நன்றி கூறினார். இறைவனுக்கு நன்றியுள்ள உள்ளம் அநீதிக்கு அடிபணிவதில்லை, பழிவாங்குவதுமில்லை.

நன்றி அவரது வடுக்களை அழித்துவிடவுமில்லை. இறுதி நோயின் வேதனையில் பழைய அடிமை நாள்கள் மீண்டும் அவர் நினைவில் எழுந்தன. கனக்கும் சங்கிலிகளைச் சற்றுத் தளர்த்துமாறு தம்மைப் பராமரித்தவரிடம் வேண்டினார். பின்னர் அன்னை மரியாளை அழைத்தவாறே 1947ஆம் ஆண்டு பெப்ரவரி 8ஆம் திகதி இறைவனடி சேர்ந்தார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 1ஆம் திகதி அவரைப் புனிதராக அறிவித்தார். அவரது விழா நாளான பெப்ரவரி 8, 2015ஆம் ஆண்டு முதல் ஆட்கடத்தலுக்கு எதிரான செப நாளாகவும் திருச்சபையில் அனுசரிக்கப்படுகிறது.

அன்பார்ந்தவர்களே, காயம் ஆறிய பின்னர்தான் நன்றி கூற வேண்டும் எனக் காத்திருந்தால், நம்மில் பலர் ஒருநாளும் நன்றி கூற இயலாது. கண்ணீரும் நன்றியும் ஒரே உள்ளத்தில் குடியிருக்க முடியும் என்பதே பகித்தா நமக்குக் கற்றுத்தரும் பாடம். நன்றி தானாக வளர்வதில்லை, நினைவுகூர்தலால் வளர்கிறது. அவருக்கு ஒரு திருமுழுக்குத் தொட்டி இருந்தது. நம் திருமுழுக்கு நாள் எதுவென நம்மில் எத்தனை பேர் அறிவோம்? இன்றிரவு குடும்பச் செபத்தின்போது, பிள்ளைகள் ஒவ்வொருவரின் திருமுழுக்கு நாளையும் நினைவுகூர்ந்து சொல்லுங்கள். இழந்தோரின் பெயர்களையும் மறைக்காமல் இறைவனிடம் ஒப்படையுங்கள். அதன்பின் அன்று பெற்ற ஒரேயொரு நன்மைக்காகவேனும் ஒவ்வொருவரும் வாய்விட்டு நன்றி கூறுங்கள். சிறிதாகத் தொடங்கும் அந்நன்றியை இறைவன் வளரச் செய்வாராக.