வேட்டைக் களத்தைச் சரணாலயமாக்கிய சாலிம் அலி

மும்பையில் 1896 நவம்பர் 12-ஆம் தேதி பிறந்த சாலிம் அலி, மூன்று வயதுக்குள் பெற்றோர் இருவரையும் இழந்து தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். சிறுவயதில் விளையாட்டுத் துப்பாக்கியால் அவர் வீழ்த்திய மஞ்சள் கழுத்துச் சிட்டு ஒன்றே அவரது வாழ்வின் திசையை மாற்றியது. அது என்ன பறவை என அறியும் ஆவலில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறியவர், பின்னர் அக்கழகத்துடனேயே இறுதிவரை பிணைந்திருந்தார்.

பாதை எளிதாக இருக்கவில்லை. பட்டப்படிப்பு இல்லாததால் அரசுப் பணிகள் கைநழுவின. ஜெர்மனியில் பறவையியல் பயின்று 1930-இல் திரும்பியபோது, அருங்காட்சியகத்தில் அவர் வகித்த பணியிடமே நீக்கப்பட்டிருந்தது. செலவைச் சுருக்க, மனைவி தெஹ்மினாவுடன் கிஹிம் என்னும் கடலோரக் கிராமத்தில் குடியேறினார். அங்குதான் தூக்கணாங்குருவிகளை மாதக்கணக்கில் கவனித்தார். ஆண் குருவி பாதி கட்டிய கூட்டைப் பெண் குருவி ஏற்ற பின்னரே அது முழுமை பெறுகிறது என்பதையும், ஒரே ஆண் பல கூடுகள் கட்டிப் பல பெண் குருவிகளுடன் இணைகிறது என்பதையும் அவர் பதிவு செய்தார். வேலையிழப்பு அறிவியலுக்கு ஆதாயமாயிற்று.

பரத்பூர் ஏரி அப்போது மன்னரின் வாத்து வேட்டைக் களம். வைஸ்ராய் லின்லித்கோ கலந்துகொண்ட 1938-ஆம் ஆண்டு வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் கொல்லப்பட்டன. அன்று சாலிம் அலியின் 42-ஆவது பிறந்தநாள் என்பது தற்செயலே. விடுதலைக்குப் பின், ஏரியை விளைநிலமாக்கும் கோரிக்கை எழுந்தது. நிலமற்ற உழவர்களின் அக்கோரிக்கை நியாயமற்றதும் அன்று. எனினும் சாலிம் அலி பிரதமர் நேருவிடம் முறையிட்டு ஏரியைக் காத்தார். அது 1985-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

இங்கு அவரது கணிப்பு ஒன்று பிழைத்தது. எருமை மேய்ச்சல் பறவைகளுக்குக் கேடு எனக் கருதி, அதைத் தடுப்பதை அவர் ஆதரித்திருந்தார். 1982-இல் தடை வந்தபோது கிராமத்தினர் எதிர்த்தனர். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. ஆனால் எருமைகள் இல்லாத நீர்ப்பரப்பைப் புல் மூடி, பறவைகளின் இடத்தைக் குறுக்கியது என்பதை அவரது கழகமே நடத்திய நீண்டகால ஆய்வு வெளிப்படுத்தியது.

கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் நீர்மின் திட்டத்தைக் கைவிடுமாறு வலியுறுத்தியோரில் அவரும் ஒருவர். பத்ம விபூஷண் விருது பெற்ற அவர், மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்தபோது 1987-இல் காலமானார். கோவையை அடுத்த ஆனைகட்டியில் உள்ள பறவையியல் ஆய்வு மையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.