ரக்பிப் பள்ளியின் தாமஸ் ஆர்னால்டு

1797ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்து நாட்டு ரக்பிப் பள்ளியில் மாணவர்கள் கலகம் செய்தனர். தலைமையாசிரியரின் வகுப்பறைக் கதவை வெடிமருந்து வைத்துத் தகர்த்தனர். இருக்கைகளையும் நூல்களையும் திடலில் குவித்துத் தீயிட்டனர். படைவீரர்கள் வரவழைக்கப்பட்ட பின்னரே, அகழி சூழ்ந்த மேடொன்றில் ஏறி நின்ற சிறுவர்கள் பணிந்தனர். ஈட்டன், வின்செஸ்டர் முதலிய புகழ்பெற்ற பள்ளிகளிலும் அக்காலத்தில் இத்தகைய கிளர்ச்சிகள் நிகழ்ந்ததுண்டு. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் தங்கிப் பயின்ற அவ்விடங்களில் பகற்பொழுதை இலத்தீனும் கிரேக்கமும் பிரம்பும் ஆண்டன. விளக்கு வைத்தபின் ஆசிரியரின் ஆட்சி முடிந்து வலியோன் ஆட்சி தொடங்கிற்று. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் இரவில் எவ்வாறு உறங்கினான், உறங்கினானா என்பதைக் கேட்பார் எவருமில்லை.

இந்நிலையை மாற்ற முற்பட்டவர் தாமஸ் ஆர்னால்டு. 1795 ஜூன் 13ஆம் நாள் வைட் தீவில் பிறந்தவர். தந்தையார் சுங்க அதிகாரி. 1801இல் நெஞ்சுவலியால் திடீரென இறந்தார். அப்போது மகனுக்கு வயது ஐந்து. 1807 முதல் வின்செஸ்டர் பள்ளியிலும் பின்னர் ஆக்ஸ்போர்டிலும் பயின்ற ஆர்னால்டு, மாணவர் வாழ்வின் கொடுமைகளை ஏட்டில் படித்து அறிந்தவர் அல்லர், அவற்றினூடே வளர்ந்தவர். வரலாற்றில் தோய்ந்த உள்ளம் அவருடையது. கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீசின் நூலைப் பதிப்பித்ததும், உரோமானிய வரலாற்றை எழுதியதும் பிற்காலப் பணிகள்.

1819இல் தேம்ஸ் ஆற்றங்கரையிலுள்ள லேல்ஹாம் என்னும் சிற்றூரில் குடியேறி, பல்கலைக்கழகம் புகவிருந்த இளைஞர் சிலருக்குத் தம் இல்லத்திலேயே கற்பித்தார். அங்கு நிகழ்ந்த ஒன்றை அவர் இறுதிவரை மறக்கவில்லை. அறிவில் மெதுவான மாணவன் ஒருவனிடம் ஒருநாள் கடுமையாகப் பேசிவிட்டார். அவனோ நிமிர்ந்து பார்த்து, தான் இயன்ற அளவு முயன்றுகொண்டிருக்க ஆசிரியர் சினப்பது ஏன் என்று அமைதியாகக் கேட்டான். தம் வாழ்வில் அத்துணை ஆழமாக வேறெதுவும் தைத்ததில்லை என்று ஆர்னால்டு பின்னாளில் தம் பிள்ளைகளிடம் கூறுவாராம். கூரிய அறிவுடையோனைப் பாராட்டுவதினும், குறைந்த அறிவோடு நேர்மையாக உழைப்பவனை மதிக்கும் இயல்பு அவரிடம் இதன்பின் வேரூன்றிற்று.

1828 ஆகஸ்டில், முப்பத்துமூன்று வயதில், ரக்பியின் தலைமையாசிரியரானார். இவரைத் தேர்ந்தெடுத்தால் இங்கிலாந்தின் பள்ளிக் கல்வியின் முகத்தையே மாற்றிவிடுவார் என்று ஆக்ஸ்போர்டு அறிஞர் எட்வர்டு ஹாக்கின்ஸ் பரிந்துரை மடலில் முன்னுரைத்திருந்தார். அப்போது மாணவர் தொகை ஏறத்தாழ 120ஆகச் சுருங்கியிருந்தது. பிரெஞ்சு, கணிதம், அண்மைக்கால வரலாறு ஆகியவற்றுக்குப் பாடத்திட்டத்தில் உரிய இடம் தந்தார் என்பதை இங்குச் சுருங்கச் சொன்னால் போதும். அவர் கருதிய வரிசையில் ஒழுக்கமும் சமய உணர்வும் முதலில் நின்றன. பண்பான நடத்தை அடுத்தது. அறிவாற்றல் அதற்கும் அடுத்தது.

அவர் செய்த சில சிறு மாற்றங்கள் பெரும்பாலும் நினைக்கப்படுவதில்லை. ஒரே படுக்கையில் பலரை நெருக்கி உறங்கவைக்கும் வழக்கத்தை ஒழித்து, மாணவன் ஒவ்வொருவனுக்கும் தனிப்படுக்கை வேண்டும் என்றார். விடுதிகளைப் பிழைப்புக்காக நடத்திவந்தோர் விலக விலக, அவ்விடங்களில் பள்ளியின் ஆசிரியர்களையே அமர்த்தினார். அவ்வாசிரியர்கள் வெளியூர்த் தேவாலயப் பணிகளை விட்டுவிட்டுப் பள்ளிக்கே உரியவராகும்படி அவர்தம் ஊதியத்தை உயர்த்தினார். பிள்ளை உறங்கும் கூரையின்கீழ் அவனை அறிந்த பெரியவர் ஒருவர் இருக்கவேண்டும் என்பதே இவற்றின் உட்கருத்து. 1831இல் பள்ளி ஆலயத்தின் குருப்பணியையும் தாமே ஊதியமின்றி ஏற்று, ஞாயிறுதோறும் மாணவர்க்கு அறவுரை ஆற்றினார்.

ஆயினும் அவருடைய ஆட்சியின் அச்சாணி ஆறாம் படிவம் எனப்பட்ட மூத்த மாணவர் வகுப்பே. மூத்தோர் இளையோரை அடக்கியாளும் வழக்கம் முன்பே இருந்தது. நம் திண்ணைப் பள்ளிகளிலும் சட்டாம்பிள்ளை இருந்தான். ஆசிரியர் இல்லாதபோது பிரம்பு அவன் கைக்கு மாறியதைப் பழந்தலைமுறையினர் அறிவர். ஆர்னால்டு அவ்வதிகாரத்தைப் பறிக்கவில்லை. அதற்குப் பொறுப்பு என்னும் சுமையை ஏற்றினார். ஆறாம் படிவத்தாரைத் தாமே கற்பித்தார். வீட்டிற்கு அழைத்து உணவருந்தச் செய்தார். தம் உடன்பணியாளராக மதித்தார். அவர்கள் தளர்ந்தால் பள்ளியே தளரும் என்பதை வெளிப்படையாக அவர்களிடமே சொன்னார். எவனால் பிறர் கெடுவர் என்று தோன்றிற்றோ அவனைப் பழிதூற்றாமல், பருவ முடிவில் அழைத்துக்கொள்ளுமாறு பெற்றோருக்கு எழுதினார். 1833இல் அவான் ஆற்றில் மீன்பிடிப்பது குறித்த பூசலில் மாணவர் சிலர் வெளியேற்றப்பட்டனர். பள்ளியில் முந்நூறு பேர் இருக்கவேண்டும் என்பதில்லை, ஐம்பதின்மர் இருப்பினும் போதும், அவர்கள் பண்புடையோராக இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

மாணவன் சொல்லை அவர் அப்படியே ஏற்றார். சான்று கேட்பதில்லை, துருவுவதில்லை. எதைச் சொன்னாலும் நம்பிவிடும் மனிதரிடம் பொய் சொல்வது வெட்கக்கேடு என்னும் எண்ணம் மாணவரிடையே மெல்லப் பரவிற்று. கதவை வெடிவைத்துத் தகர்த்த பள்ளியில் இது நிகழ்ந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இத்தகைய ஆர்னால்டின் வாழ்வில் நீங்காக் கறையாக நின்ற நிகழ்ச்சி 1832இல் நேர்ந்தது. சிறுவன் ஒருவன், நூலின் குறிப்பிட்ட பகுதி தன் வகுப்பில் நடத்தப்படவில்லை என்றான். வகுப்பாசிரியர் நடத்தியதாகக் கூறினார். மாணவன் தன் சொல்லில் உறுதியாக நின்றான். பொய்யைப் பொறாத ஆர்னால்டு, அவனைப் பொய்யன் என்று கடிந்து பதினெட்டு அடிகள் கொடுத்தார். நலிந்த உடலினனான அச்சிறுவன் படுக்கையில் வீழ்ந்தான். சிறுவன் சொன்னதே மெய் என்பது பின்னர்த் தெரியவந்தது. ஆர்னால்டு தம் பிழையை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். செய்தித்தாளின் கண்டனத்திற்கும் ஆளானார். தலைமையாசிரியர் ஒருவர் மாணவனிடம் பிழை ஒப்புவது அந்நாளில் அரிய செயலே. எனினும் அதன்பின்னும் அவர் பிரம்பைக் கைவிட்டாரல்லர். இளஞ்சிறுவரின் பொய்க்கும் சோம்பலுக்கும் அது தக்க தண்டனையே என்று எழுத்திலும் வாதிட்டார். மாணவனின் சொல்லை நம்புவதே நெறியெனக் கொண்டவர், நம்பவேண்டிய ஒரு பொழுதில் நம்பத் தவறினார். அந்நெறியில் அவருக்கிருந்த உறுதியே அன்று அவர் கையை ஓங்கச் செய்தது எனலாம்.

மற்றொரு குறையும் உண்டு. இளையோர் மூத்தோருக்குக் குற்றேவல் செய்யும் வழக்கத்தை அவர் நீக்கவில்லை, ஒழுங்குபடுத்தவே முயன்றார். 1834 முதல் 1842 வரை அங்குப் பயின்ற தாமஸ் ஹியூஸ் 1857இல் வெளியிட்ட புகழ்பெற்ற பள்ளிப் புதினத்தில், சிறுவரைத் தீயருகே நிறுத்தி வாட்டும் கொடியவன் ஒருவன் வருகிறான். கதையில் அவன் வெளியேற்றப்படுவது குடித்து மயங்கியதற்காக. சிறுவரை வதைத்ததற்காக அன்று. அவ்வதை தலைமையாசிரியரின் செவியை எட்டவே இல்லை. ஆர்னால்டிடம் பேரன்பு பூண்ட ஒருவர் எழுதிய கதை இது என்பதால் இதன் சான்று வலிது. நல்ல மூத்தோர் வாய்த்த விடுதியில் இளையவன் நலமாயிருந்தான். வாயாத விடுதியில் அவன் அழுகை சுவர்களுக்குள் அடங்கிற்று.

மூத்தோரும் விலை கொடுத்தனர். பத்து வயதில் ரக்பி சேர்ந்த ஆர்தர் ஹியூ கிளப் என்னும் சிறுவனின் பெற்றோர் அப்போது அமெரிக்காவில் இருந்தனர். ஆர்னால்டின் குடும்பமே அவனுக்குக் குடும்பமாயிற்று. பள்ளியின் நன்மை தீமைகளைத் தன் நன்மை தீமைகளாகச் சுமந்து வளர்ந்த அவன், ஆக்ஸ்போர்டில் 1841இல் முதல் வகுப்புத் தேர்ச்சியைத் தவறவிட்டான். உடனே ஆக்ஸ்போர்டிலிருந்து ரக்பிக்கு நடந்தே சென்று, ஆசிரியர் முன் நின்று தன் தோல்வியை அறிவித்தான். இரண்டாம் வகுப்பைத் தோல்வியெனக் கருதும் அளவுக்கு அவ்விளைஞன் உள்ளம் இறுகியிருந்தது. பிற்காலத்தில் கவிஞராகப் புகழ்பெற்ற கிளப்பின் வாழ்வில் அந்த இறுக்கம் எளிதில் நெகிழவில்லை.

ஆர்னால்டு தம் பிள்ளைகளோடு கழித்த விடுமுறைகளில் வேறு மனிதராக இருந்தார். ஏரி நாட்டில் தாம் கட்டிய பாக்ஸ் ஹௌ இல்லத்தில் மலையேறுவதும் காட்டுமலர் தேடுவதுமே அவர் மகிழ்ச்சி. அந்த நெகிழ்ச்சியில் ஒரு பங்கு பள்ளிக்கூடத்திற்கும் வந்திருந்தால் எத்துணை நன்றாயிருக்கும்!

1841இல் ஆக்ஸ்போர்டு அவருக்கு வரலாற்றுப் பேராசிரியர் பதவியை அளித்தது. நெடுநாள் அதனை வகிக்க வாய்க்கவில்லை. 1842 ஜூன் 12, ஞாயிற்றுக்கிழமை விடியலில் நெஞ்சுவலி கண்டது. தந்தையைக் கொண்டுபோன அதே நோய். எட்டு மணிக்குள் உயிர் பிரிந்தது. மறுநாள் அவருக்கு நாற்பத்தேழாம் பிறந்தநாள். பள்ளி ஆலயத்திலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பெற்றது. மூத்த மகனான கவிஞர் மாத்யூ ஆர்னால்டு அவ்வாலயத்தின் பெயரிலேயே பாடிய கையறுநிலைப் பாட்டு 1867இல் வெளிவந்தது. மாணாக்கர் ஸ்டான்லி 1844இல் எழுதிய வாழ்க்கை வரலாறு அவரைப் புனிதராக்கிற்று. 1918இல் லிட்டன் ஸ்ட்ராச்சி எழுதிய கட்டுரை அவரை எள்ளி நகையாடிற்று.

அவருடைய மாணவத் தலைமை முறை இங்கிலாந்தின் பிற பள்ளிகளுக்கும், பேரரசின் வழியே கடல் கடந்தும் பரவிற்று. யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளில் மாணவ முதல்வர்கள் சின்னம் அணிந்து வாயிலில் நிற்பது அவ்வழி வந்த வழக்கமே. பிரம்போ நெடுங்காலம் நின்றது. இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் 1987இலும், ரக்பி போன்ற தனியார் பள்ளிகளில் 1999இலுமே சட்டம் அதனை விலக்கிற்று.