பிள்ளைகளை எழுத வைத்து வாசிக்க வைத்த தமிழவேள்

தமிழவேள் கோ.சாரங்கபாணி 1903-இல் திருவாரூரில் பிறந்தவர். 1924-இல் சிங்கப்பூருக்கு வந்து, கடை ஒன்றில் கணக்கராகச் சேர்ந்தார். பத்திரிகை ஆர்வம் அவரை அங்கே இருக்க விடவில்லை. 1935 ஜூலை 6-ஆம் நாள் தமிழ் முரசு வெளிவந்தது. விலை ஒரு காசு. கூலி வேலை செய்பவரும் வாங்கிப் படிக்கவேண்டும் என்பதே நோக்கம்.

அன்று மலாயாத் தோட்டங்களில், படிக்கும் வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வைக்கவேண்டும் என்று சட்டம் இருந்தது. பள்ளியும் இருந்தது. ஆனால் பல இடங்களில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். எல்லா வகுப்பும் ஒரே கொட்டகையில். எழுத்துக்கூட்டப் பழகியதோடு பலருடைய படிப்பு முடிந்தது. பிறகு பால்வாளி கைக்கு வந்தது. படித்த எழுத்தும் மறந்துபோனது.

இந்த இடத்தில்தான் கோ.சா. கை கொடுத்தார். 1950-களில் தமிழ் முரசில் மாணவர் மணிமன்றம் என்ற பகுதியைத் தொடங்கினார். பெரியவர்கள் எழுதி, பிள்ளைகள் படிக்கும் பகுதி அல்ல அது. பிள்ளைகளே கதை, கவிதை, கட்டுரை எழுதினார்கள். எழுதவேண்டும் என்றால் படித்தது புரிந்திருக்கவேண்டும். புரிந்ததைத் தன் சொல்லில் சொல்லத் தெரியவேண்டும். தன் பெயரை அச்சில் பார்த்த பிள்ளை அடுத்த வாரமும் பத்திரிகைக்குக் காத்திருந்தது. மலேசிய, சிங்கப்பூர் எழுத்தாளர்கள் பலர் அந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்கள். ஊர் ஊராக எழுந்த மணிமன்றங்கள் பின்னர் இளைஞர் இயக்கமாகவும் வளர்ந்தன.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்றும் அவர் போராடினார். 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டினார். பாட்டாளிகளும் தங்களால் முடிந்ததைக் கொடுத்தார்கள். அந்தப் பணம் தமிழ் நூலகத்துக்கு உதவியது. 1956-இல் சிங்கப்பூரில் தொடங்கிய இந்திய ஆய்வியல் துறை, பிறகு கோலாலம்பூருக்கு வந்தது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கொஞ்ச தூரத்தில், பந்தாயில் இன்றும் அங்கே தமிழ் கற்பிக்கப்படுகிறது.

1974 மார்ச்சில் கோ.சா. மறைந்தார். தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் இன்று நல்ல கட்டடத்தில், தகுதி பெற்ற ஆசிரியர்களிடம் படிக்கிறார்கள். ஆனாலும் பாடத்தைத் தட்டாமல் வாசிக்கும் பிள்ளை, அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டால் தடுமாறுவது உண்டு. அதற்குக் கோ.சா. காட்டிய வழி செலவில்லாதது: படித்ததைப் பிள்ளை தன் சொல்லில் நாலு வரி எழுதட்டும், அதை வீட்டில் ஒருவர் உட்கார்ந்து படிக்கட்டும்.