தொழுநோய்க்கு ஊசி மருந்து தந்த 23 வயது பெண்... பெயரே மறைந்தது எப்படி? யார் இந்த ஆலிஸ் பால்?

தொழுநோய் வந்துவிட்டால் போதும், குடும்பத்தைவிட்டுப் பிரித்து ஒதுக்குப்புறமாகக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். 1866 முதல் ஹவாயில் இதுதான் நிலைமை. மொலோகாய் தீவின் கலாவ்பாபா தீபகற்பத்துக்கு இப்படி அனுப்பப்பட்டவர்கள் சுமார் 8,000 பேர். பெரும்பாலானோர் வீடு திரும்பவே இல்லை.

மருந்தே இல்லையா?

இருந்தது. சால்மூக்ரா மர விதையின் எண்ணெய். இந்தியாவிலும் சீனாவிலும் பல நூற்றாண்டுகளாகப் பயன்பட்டது. சித்த மருத்துவத்தில் சொல்லப்படும் நம்ம ஊர் நீரடிமுத்து, இந்த மரத்தின் நெருங்கிய சொந்தம்தான்.

ஆனால் அதைக் குடித்தால் குமட்டல், வாந்தி. ஊசியில் ஏற்றினால், பிசுபிசுப்பான எண்ணெய் உடம்பில் கலக்காமல் தோலுக்கு அடியில் கட்டியாக நின்றுவிடும். வலி தாங்காது.

ஆலிஸ் என்ன செய்தார்?

1892-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்த கறுப்பினப் பெண் ஆலிஸ். மருந்தியலில் பட்டம் பெற்று ஹவாய் கல்லூரிக்கு வந்தார். 1915-ல் அங்கே முதுகலைப் பட்டம் பெற்ற முதல் பெண், முதல் கறுப்பினத்தவர் இவரே. காவா செடியின் வேரை வைத்து அவர் செய்த ஆய்வு, கலிஹி மருத்துவமனை டாக்டர் ஹாரி ஹோல்மன் கண்ணில் பட்டது. சால்மூக்ரா சிக்கலைத் தீர்க்க முடியுமா என்று உதவி கேட்டார்.

ஆலிஸ் எண்ணெயில் இருந்த கொழுப்பு அமிலங்களைப் பிரித்தெடுத்து, அவற்றை எத்தில் எஸ்டராக மாற்றினார். பிசுபிசுப்பு போய், உடம்பு ஏற்றுக்கொள்ளும் ஊசி மருந்து கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 23.

பெயர் எப்படிப் போனது?

ஆய்வை வெளியிடும் முன்பே, 1916 டிசம்பர் 31-ல் ஆலிஸ் இறந்துவிட்டார். வயது வெறும் 24. கல்லூரித் தலைவர் ஆர்தர் டீன் அந்த ஆய்வைத் தொடர்ந்தார். ஆனால் வெளியிட்டபோது ஆலிஸ் பெயரைச் சொல்லவில்லை. முறைக்கே 'டீன் முறை' என்று பெயர் வந்துவிட்டது. 1920-ல் 78 நோயாளிகள் கலிஹியிலிருந்து வீடு திரும்பினர். யாரால் என்பது அவர்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

1922-ல் ஹோல்மன் தன் கட்டுரையில் இதை 'பால் முறை' என்று எழுதினார். அப்படியும் பலர் கவனிக்கவில்லை. 1970-களில் ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களைத் தோண்டிய பிறகே உண்மை வெளியே வந்தது. 2000-ல் ஹவாய் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள சால்மூக்ரா மரத்தடியில் அவருக்கு நினைவுப் பலகை வைத்தார்கள்.

இன்றைக்கு ஏன் முக்கியம்?

அந்த ஊசி எல்லோரையும் முழுசாகக் குணப்படுத்தவில்லை. சிலருக்கு நோய் திரும்ப வந்தது. ஆனாலும் 1940-களில் சல்போன் மருந்துகள் வரும்வரை கையில் இருந்த நல்ல சிகிச்சை அதுதான். புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் பட்டியலில் தொழுநோய் இன்னும் இருக்கிறது. மூலிகையில் மருந்து இருந்தால் மட்டும் போதாது, அதை உடம்பு ஏற்கும்படி மாற்ற வேண்டும். அதைச் செய்து காட்டியவர் ஆலிஸ்.