ஆசிரியர் ஓய்வறையின் தண்ணீர்ப் பானை

கோரிப்பாளையத்தில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு, பல ஊர்க் கல்லூரிகளில் பணியாற்றும் தலித் ஆசிரியர்கள் வருவதுண்டு. அவர்கள் சொல்லத் தொடங்குவது சிறிய செய்தியாகவே இருக்கும். துறைக் கூட்டம் நடந்தது மறுநாள்தான் தெரிந்தது. ஓய்வறைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. இதற்கெல்லாமா புகார் என்று அவர்களே தயங்குவார்கள். அப்போதெல்லாம் பாபாசாகேப் அம்பேத்கரின் ஆசிரியப் பணிக்காலம் எங்கள் நினைவுக்கு வருகிறது.

கொலம்பியாவில் பயின்று, உதவித்தொகை முடிந்ததால் லண்டன் படிப்பை இடைநிறுத்தித் திரும்பியவர், 1917இல் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். கடைநிலை ஊழியர்கள்கூடக் கோப்புகளை அவர் மேசைமீது வீசினர். அலுவலகத்தில் குடிநீர் தரப்படவில்லை. தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடியேந்திய கூட்டம் அவரை வெளியேற்றியது. சில நாள்களிலேயே பம்பாய் திரும்பினார்.

1918 நவம்பரில் பம்பாய் சிடென்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியரானார். தொடக்கத்தில் மாணவர்கள் அவரைப் பொருட்படுத்தவில்லை. பின்னர், பிற கல்லூரி மாணவர்களும் அவர் வகுப்பைத் தேடி வந்தனர். ஓய்வறையோ மாறவில்லை. பொதுப் பானையில் அவர் தண்ணீர் அருந்துவதைச் சக பேராசிரியர் சிலர் எதிர்த்தனர். படிப்பு சாதியைக் கரைத்துவிடும் என்று நம்புவோர் அந்த அறையை ஒருமுறை எட்டிப்பார்க்கலாம்.

அவர் சம்பளத்தைச் சிக்கனமாகச் சேர்த்தார். 1920 ஜனவரி 31 அன்று ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார். அரசுப் பணியில் இருந்ததால் ஆசிரியராக வேறொருவர் பெயரே அச்சாயிற்று. மார்ச்சில் பதவி விலகினார். கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியோடும், நண்பர் நவல் பதேனாவிடம் பெற்ற கடனோடும் லண்டன் சென்று, 1923இல் பொருளாதாரத்தில் உயரிய முனைவர் பட்டம் பெற்றார். இந்த விலகலைத் தோல்வி என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை. பரோடாவில் புறப்படும் நாளைப் பிறர் முடிவுசெய்தனர். இங்கே அவரே குறித்தார்.

அவருக்கு அன்று துணைநின்ற சட்டம் ஏதுமில்லை. இன்று 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ஆயினும், வெளியார் எவருமின்றி நான்கு சுவருக்குள் நடந்த சாதி இழிவு, பொதுப்பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்ததாகாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே, யார் உடனிருந்தார்கள் என்பதை அன்றே தேதியிட்டு எழுதிவைக்குமாறு வருவோரிடம் வற்புறுத்துகிறோம்.

தண்ணீரை அவர் மறக்கவில்லை. 1927 மார்ச் 20 அன்று மகாடில் ஆயிரக்கணக்கானோருடன் சவுதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தினார். சாதி இந்துக்கள் வழக்குத் தொடுத்தனர். அது நடந்துகொண்டிருக்கையில், 1935இல், பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வர் பொறுப்பேற்றார். 1937இல் உயர் நீதிமன்றம் அவர் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.